எச்.ஐ.வி. ஏன் இத்தனை வகை? மரபணு மறுசேர்க்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எச்.ஐ.வி. உருமாறிக்கொண்டே இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் ஒரு வைரஸ் தானாக மாறுவது ஒன்று, இரண்டு வைரஸ்கள் கலந்து மூன்றாவதாக ஒன்று பிறப்பது வேறொன்று. இந்தக் கலப்புக்குத்தான் மறுசேர்க்கை என்று பெயர். இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டுவதால்தான் பாதி பயமும் பாதி வதந்தியும் கிளம்புகின்றன. மாணவர்களும், சிகிச்சையில் இருப்பவர்களும், அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்; சிலவற்றுக்குப் போதாது.

எச்.ஐ.வி. என்றால் ஒரே வைரஸ்தானே? வகை என்று எதைச் சொல்கிறார்கள்?

முதலில் எச்.ஐ.வி.-1, எச்.ஐ.வி.-2 என்று இரண்டு. இரண்டாவது மேற்கு ஆப்பிரிக்காவில் அதிகம், இந்தியாவிலும் கொஞ்சம் உண்டு. பொதுவாக மெதுவாகத்தான் நோயாக முற்றும். எச்.ஐ.வி.-1க்குள் எம், என், ஓ, பி (P) என்று நான்கு குழுக்கள். ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு முறை குரங்கினத்திலிருந்து மனிதருக்குத் தாவியது. உலகமெங்கும் பரவியது எம் குழு மட்டும். மற்ற மூன்றும் கேமரூனையும் சுற்றுவட்டார நாடுகளையும் பெரிதாகத் தாண்டவில்லை.

எம் குழுவுக்குள் ஏ, பி (B), சி, டி, எஃப், ஜி, எச், ஜே, கே, எல் என்று துணைவகைகள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பி துணைவகை அதிகம் என்பதால் ஆய்வுகளில் பெரும்பகுதி அதன்மீதே நடந்தது. உலகத் தொற்றில் ஏறக்குறைய பாதி சி துணைவகை. பி துணைவகைக்கு எட்டில் ஒரு பங்குதான். யாருக்கு நோய் அதிகமோ அவர்களுடைய வைரஸை விட்டுவிட்டு, யாரிடம் பணம் இருக்கிறதோ அவர்களுடைய வைரஸைத்தான் உலகம் முதலில் படித்தது.

இந்த வரிசையில் இ, ஐ இரண்டும் எங்கே போயின?

நல்ல கேள்வி. இரண்டும் இருந்தன, பிறகு பதவி இழந்தன.

1990களின் தொடக்கத்தில் தாய்லாந்தில் வேகமாகப் பரவிய வைரஸுக்கு ‘இ’ என்று பெயர் வைத்தார்கள். அப்போதெல்லாம் வைரஸின் மேலுறைப் புரதத்துக்கான மரபணுவை மட்டும் படிப்பார்கள். அந்தத் துண்டு வேறெதனோடும் ஒட்டவில்லை. பிறகு தலையிலிருந்து வால்வரை முழுவதும் படித்தபோது, மேலுறைப் பகுதி மட்டும்தான் தனிரகம், மற்ற பெரும்பகுதி ஏ துணைவகை என்று தெரிந்தது. இன்று அதன் பெயர் சி.ஆர்.எஃப்.01_ஏஇ (சி.ஆர்.எஃப். என்பது எண் பெற்ற கலப்பு வைரஸ்களுக்கான அடைமொழி). கலப்பில்லாத முழு ‘இ’ வைரஸை இதுவரை யாரும் கண்டதில்லை. பேரன் இருக்கிறான், தாத்தாவைக் காணோம்.

‘ஐ’ கதையும் அதேதான். சைப்ரஸிலும் கிரேக்கத்திலும் கிடைத்தது. முழுதாகப் படித்ததும் பல துணைவகைகளின் ஒட்டுப்போட்ட துணி என்று தெரிந்தது.

எதிர்த்திசையில் ஒரு கதை, ‘எல்’. இதன் மாதிரிகள் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து 1983இலும் 1990இலும் கிடைத்திருந்தன. புதுத் துணைவகை என்று அறிவிக்க, ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று மாதிரிகள் வேண்டும் என்பது விதி. மூன்றாவது 2001இல் எடுத்தது. ஆனால் அதில் வைரஸ் மிகக் குறைவாக இருந்ததால் முழுதாகப் படிக்க அன்றைய கருவிகளால் முடியவில்லை. 2019இல்தான் முடிந்தது, பெயரும் வந்தது.

ஏன் இவ்வளவு வேகமாக மாறுகிறது?

மூன்று காரணங்கள் கைகோக்கின்றன: பிழை, எண்ணிக்கை, கலப்பு.

எச்.ஐ.வி.யின் மரபுத்தொகுதி ஏறத்தாழ 9,700 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. செல்லுக்குள் நுழைந்ததும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதி அதை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கிறது. நம் செல்லில் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதிகள் எழுதியதைத் திரும்பிப் பார்த்துத் திருத்தும்; இதற்கு அந்தப் பழக்கமே கிடையாது. சுமார் 30,000 எழுத்துக்கு ஒரு பிழை விடுகிறது. கணக்குப் போட்டால் மூன்று படிகளில் ஒன்றிலாவது ஒரு எழுத்து தப்பு.

இது பெரிய குறையாகத் தெரியாது, எண்ணிக்கையைப் பார்க்கும்வரை. சிகிச்சை எடுக்காத ஒருவரின் உடலில் தினமும் சுமார் 1,000 கோடி வைரஸ்கள் உருவாகி அழிகின்றன என்று 1996இல் கணக்கிட்டார்கள். அப்படியானால் மரபுத்தொகுதியின் எந்த எழுத்தை எடுத்துக்கொண்டாலும், அந்த எழுத்து மாறிய வைரஸ் இன்று ஒருமுறையாவது அந்த உடலில் பிறந்திருக்கும். பெரும்பாலானவை உருப்படாமல் போகும். தேவை வரும்போது பிழைக்கப்போவது ஒன்றிரண்டு. ஒரே ஆளிடம் ஆறேழு ஆண்டுகளில் சேரும் வேறுபாடு, உலகமெங்கும் ஒரு பருவத்தில் சுற்றும் இன்ஃபுளுவென்சா வைரஸ்களின் வேறுபாட்டுக்குச் சமமாக இருக்கும்.

கலப்பு அடுத்த கேள்வி.

மறுசேர்க்கை உண்மையில் எப்படி நடக்கிறது?

பழைய ஏடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலின் இரண்டு சுவடிகள் ஒருவரிடம் இருக்கின்றன. ஒன்றைப் பார்த்துப் புது ஏட்டில் எழுதிக்கொண்டே வருகிறார். நடுவில் ஓர் இடத்தில் பூச்சி அரித்திருக்கிறது. சட்டென்று அடுத்த சுவடியில் அதே அடியைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடர்கிறார். எழுதி முடித்த ஏடு இரண்டுக்கும் பிள்ளை. இரண்டு சுவடியும் ஒரே பாடம் என்றால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பாடபேதம் இருந்தால், முதல் பாதியில் ஒன்றின் பாடம், பின்பாதியில் மற்றதன் பாடம். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான்.

ஒவ்வொரு எச்.ஐ.வி. துகளும் தன் ஆர்.என்.ஏ.வில் ஒன்றல்ல, இரண்டு படிகளைச் சுமக்கிறது. ஆனால் இரண்டிலிருந்தும் சேர்ந்து ஒரே ஒரு டி.என்.ஏ.தான் உருவாகும். நொதி ஓர் இழையைப் படியெடுத்துக்கொண்டு போகும்போதே, படியெடுத்த பகுதியைப் பின்னாலேயே நறுக்கிக்கொண்டும் போகிறது. எழுதியவுடன் மூல ஏட்டைக் கிழித்துப் போடுகிற எழுத்தர் மாதிரி. இழை எங்காவது அறுந்திருந்தால், அல்லது மடிப்பு விழுந்து நொதி திணறினால், பாதி வளர்ந்த டி.என்.ஏ. கழன்று, பக்கத்து ஆர்.என்.ஏ.வில் தனக்குப் பொருந்தும் அதே இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். வேலை தொடரும். ஒருமுறை படியெடுத்து முடிப்பதற்குள் இப்படிப் பலமுறை தாவுகிறது.

ஆகவே தாவுவது அபூர்வமான விபத்து இல்லை. ஒவ்வொரு தொற்றிலும் நடக்கிற அன்றாட வேலை. அபூர்வம், இரண்டு இழைகளும் வேறு வேறாக இருப்பது. அதற்கு இரண்டு படி தாண்டவேண்டும். முதலில் ஒரே செல்லுக்குள் இரண்டு வேறு வைரஸ்கள் நுழைந்து, இரண்டின் டி.என்.ஏ.வும் அங்கே குடியேறவேண்டும். அந்தச் செல்லிலிருந்து கிளம்பும் துகள்களில் சில, ஒன்றிலிருந்து ஓர் இழையும் மற்றதிலிருந்து ஓர் இழையும் எடுத்துக்கொள்ளும். அந்தத் துகள் அடுத்த செல்லுக்குள் போகும்போதுதான் தாவல் நடந்து கலப்பு பிறக்கும். இந்த இரண்டு கட்டக் கணக்கு, எச்.ஐ.வி.யின் குடும்பமான ரெட்ரோவைரஸ்களுக்குப் பொருந்துகிறது என்று வெய்-ஷௌ ஹூவும் ஹோவர்ட் டெமினும் 1990இல் காட்டினார்கள். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸை 1970இல் கண்டறிந்த இருவரில் ஒருவர் இதே டெமின். இருபது ஆண்டு கழித்தும் அந்த நொதியை விடவில்லை.

எந்த இரண்டு இழைகள் ஜோடி சேரும் என்பதற்கும் ஒரு கொக்கி இருக்கிறது. ஆறே எழுத்து. பி துணைவகையில் அது ஜிசிஜிசிஜிசி. சி துணைவகையில் ஜியுஜிசிஏசி. ஒரே மாதிரிக் கொக்கி உள்ளவை எளிதாகக் கோத்துக்கொள்ளும். வேறு கொக்கி என்றால் ஜோடி குறையும், ஆனால் அடியோடு நிற்காது. பி-சி கலப்புகள் நிறையவே இருக்கின்றன.

வைரஸ் வேண்டுமென்றே இப்படிச் செய்கிறதா?

இல்லை. வைரஸுக்கு எண்ணம் கிடையாது. ஓர் இழை அறுந்தாலும் வேலை முடியவேண்டும் என்ற அளவில் இரண்டு இழை உதவுகிறது. கலப்பு அதோடு ஒட்டி வருவது. ‘தந்திரக்கார வைரஸ்’ என்று எழுதுவதைப் படித்தாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

அப்படியானால் ஒருவருக்கு இரண்டு முறை எச்.ஐ.வி. தொற்றுமா?

தொற்றும். ஒரே சமயத்தில் இரண்டு வகை நுழையலாம். ஒன்று நிலைத்தபிறகு இன்னொன்றும் நுழையலாம். இரண்டாவது விதம் நடக்கிறது என்று 2002இல் தெளிவாகக் காட்டினார்கள். ‘ஏற்கெனவே வந்தாச்சு, இனி என்ன’ என்ற நினைப்பு தப்பு. உலகத்தில் இவ்வளவு கலப்பு வைரஸ்கள் இருப்பதே அதற்குச் சாட்சி.

கணவன் மனைவி இருவருக்கும் இருந்தால் என்ன என்று அடிக்கடி கேட்பார்கள். இருவரும் ஒழுங்காக மாத்திரை எடுத்து, வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியிருந்தால், உடலுறவு வழியாக ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வைரஸ் போகாது. ஒருவர் மாத்திரையை விட்டுவிட்டால் கதை வேறு. மருந்துக்கு அடங்காத வைரஸ்கூட மற்றவருக்குப் போகலாம்.

கலப்பு வைரஸுக்கு எப்படிப் பெயர் வைக்கிறார்கள்?

ஒரே இடத்தில் வெட்டி ஒட்டிய அதே கலப்பு, நேரடித் தொடர்பில்லாத மூன்று பேரிடமாவது கிடைத்தால் சி.ஆர்.எஃப். என்று எண் கொடுப்பார்கள். பின்னால் வருபவை பெற்றோர்: 02_ஏஜி என்றால் ஏவும் ஜியும். மூன்றோ அதற்கு மேலோ துணைவகைகள் கலந்திருந்தால் சி.பி.எக்ஸ். ஒரே ஆளிடம் மட்டும் கிடைத்தால் எண் இல்லை. பட்டியல் நூறைத் தாண்டி நாளாகிறது.

இந்தியாவில் எந்த வகை? தமிழ்நாட்டில்?

பெரும்பாலும் சி. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அதுதான், தமிழ்நாட்டிலும் அப்படியே. ஏ, பி, ஏ-சி கலப்பு, பி-சி கலப்பு எல்லாம் ஓரத்தில்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் தெரியவந்ததே சென்னையில்தான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியலாளர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரிகள் எடுத்தார். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. ஐஸ் பெட்டியில் வைத்து ரயிலேற்றி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் தொற்று இருந்தது.

கலப்பைப் பற்றிப் பேசும்போது பார்க்கவேண்டிய இடம் வடகிழக்கு. மணிப்பூரிலும் எல்லைக்கு அப்பால் மியான்மரிலும் ஊசி வழியாக ஹெராயின் எடுப்பவர்களிடையே தொற்று பரவியது. தாய்லாந்துப் பக்கமிருந்து வந்த பியும், இந்தியாவின் சியும் ஒரே ஊசிகளில் சந்தித்தன. இன்னும் வடக்கே, சீனாவில் பரவிய 07_பிசி, 08_பிசி என்ற இரண்டு பெரிய கலப்புகளின் சி பகுதி இந்தியச் சியின் உறவு. போதைப்பொருள் போன பாதையை வரைபடத்தில் தேடுவதைவிட வைரஸின் எழுத்துகளில் தேடுவது எளிது. ரஷ்யாவின் கலினின்கிராடிலும் இதே மாதிரி: 1996இல் ஏயும் பியும் கலந்த ஒரே ஒரு வைரஸ் ஊசி வழியாக நகரமெங்கும் பரவியது. அதுதான் 03_ஏபி.

கலப்பு வைரஸ் என்றால் அதிக ஆபத்தா?

அப்படிப் பொதுவாகச் சொல்ல முடியாது. கியூபாவில் பரவிய 19_சிபிஎக்ஸ் நோயை வேகமாக முற்றவைக்கிறது என்று ஓர் ஆய்வு சொன்னது உண்மை. ஆனால் கலக்காத டி துணைவகையும் உகாண்டாவில் ஏயைவிட வேகமாகத்தான் முற்றியது. பெரும்பாலும் நெதர்லாந்தில், 109 பேரிடம் கண்டதாக 2022இல் அறிவித்த பி துணைவகை வைரஸ் ஒன்றில், வைரல் லோடு மற்றவர்களைவிட மூன்றரை முதல் ஐந்தரை மடங்கு. சிடி4 (எச்.ஐ.வி. தாக்கும் எதிர்ப்புச் சக்திச் செல்களின் எண்ணிக்கை) இரண்டு மடங்கு வேகத்தில் சரிந்தது. பயங்கரமாகக் கேட்கிறது. அதை ஆராய்ந்தவர்கள் சொன்னது, இது மறுசேர்க்கையில் வந்ததல்ல, பிறழ்வுகள் சேர்ந்து வந்தது. சிகிச்சை தொடங்கியதும் அந்த 109 பேரும் மற்றவர்களைப் போலவே தேறினார்கள்.

மருந்து எல்லா வகைக்கும் வேலை செய்யுமா?

எச்.ஐ.வி.-1இன் துணைவகைகளுக்கும் கலப்புகளுக்கும் செய்யும். ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையங்களில் இப்போது கொடுக்கும் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த மாத்திரைக்கு ஏ, பி, சி என்ற பாகுபாடு இல்லை. எச்.ஐ.வி.-2தான் விதிவிலக்கு: பழைய நெவிராபின், எஃபாவிரென்ஸ் அதனிடம் எடுபடாது. எனவே உங்களுக்கு எந்தத் துணைவகை என்று காசு கொடுத்துச் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை. 1ஆ 2ஆ என்று தெரிந்தால் போதும்.

ஏன் மூன்று மருந்து என்பதற்கு விடை மேலே போட்ட கணக்கிலேயே இருக்கிறது. லாமிவுடினுக்கு அடங்காமல் போக ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும். நெவிராபினுக்கும் அப்படியே. 1,000 கோடியில் அந்த வைரஸ் ஏற்கெனவே இருக்கும். ஒற்றை மருந்து கொடுத்தால் அது மட்டும் மிஞ்சும். மூன்று மருந்துக்கும் ஒரே சமயத்தில் அடங்காத வைரஸ் தற்செயலாகப் பிறப்பது மிக மிக அரிது.

இங்கேதான் மறுசேர்க்கை விஷமம் செய்யும். ஒரு மருந்துக்கு அடங்காத வைரஸும் இன்னொரு மருந்துக்கு அடங்காத வைரஸும் ஒரே செல்லில் சந்தித்தால், இரண்டுக்கும் அடங்காத ஒன்று பிறக்கலாம். பிழை பிழையாகச் சேர்த்துவர ஆகும் காலத்தை அது குறுக்குவழியில் தாண்டிவிடும். ஆனால் வைரஸ் பெருகினால்தானே பிழை, பெருகினால்தானே கலப்பு? மாத்திரையை விடாமல் எடுப்பவரின் உடலில் வைரஸ் புதுச் செல்களில் குடியேறுவதே நின்றுவிடுகிறது. இரண்டு வாரம் எடுத்து ஒரு வாரம் விடுவது, வைரஸுக்கு நாமே பயிற்சி கொடுப்பது.

டெஸ்டில் தப்பிவிடுமா?

1994 வாக்கில் சில டெஸ்டுகள் ஓ குழுவைத் தவறவிட்டன, பிறகு திருத்திவிட்டார்கள். இன்றைய ரத்தச் சோதனைகள் துணைவகையைப் பார்த்துத் தடுமாறுவதில்லை. எச்.ஐ.வி.-1க்கான வைரல் லோடு சோதனை எச்.ஐ.வி.-2ஐ அளக்காது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்பது வருடமாகியும் தடுப்பூசி ஏன் வரவில்லை?

இந்தப் பல்வகைமைதான் பெரிய காரணம். வைரஸின் மேலுறைப் புரதம் ஒரு துணைவகைக்கும் இன்னொன்றுக்கும் 35 விழுக்காடுவரை வேறுபடும். எந்த முகத்தைக் காட்டி எதிர்ப்புச் சக்தியைப் பழக்குவது?

தாய்லாந்தில் 16,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட சோதனையின் முடிவு 2009இல் வந்தது: 31 விழுக்காடு பாதுகாப்பு. இன்றுவரை கிடைத்ததில் அதுதான் அதிகம், ஆனால் பயன்படுத்தப் போதாது. பிறகு பல வகைகளின் துண்டுகளைக் கணினியில் கோத்து ‘மொசைக்’ தடுப்பூசி செய்தார்கள். கலப்பைக் கலப்பாலேயே மடக்கப் பார்த்தார்கள் எனலாம். தென்னாப்பிரிக்கப் பகுதியில் நடந்த சோதனை 2021இலும், அமெரிக்கக் கண்டங்களிலும் ஐரோப்பாவிலும் நடந்தது 2023 தொடக்கத்திலும் பலனில்லாமல் நின்றன. வி.ஆர்.சி.01 என்ற எதிர்ப்புப் புரதத்தை நேரடியாக உடலில் ஏற்றிப் பார்த்தபோது, அதற்கு அடங்கும் வைரஸ்களை நன்றாகத் தடுத்தது. சுற்றிக்கொண்டிருந்த வைரஸ்களில் மூன்றில் ஒன்றுதான் அதற்கு அடங்குகிற ரகம்.

தடுப்பு மருந்தின் நிலை இதற்கு நேர்மாறு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகபாவிர் ஊசியைத் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 2,134 பெண்களுக்குப் போட்டார்கள். 2024இல் முடிவு வந்தபோது அவர்களில் ஒருவருக்கும் தொற்றவில்லை. மேலுறை எப்படி மாறினால் என்ன, உள்ளே மரபுத்தொகுதியைப் பொதிந்திருக்கும் கூட்டின் புரதம் அவ்வளவாக மாற முடியாது. இந்த மருந்து அங்கேதான் பிடிக்கிறது.

வைரஸை ஒப்பிட்டு, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சொல்ல முடியுமா?

இல்லை என்று சொல்லலாம். ஆம் என்று அறுதியிடுவது கடினம். இரண்டு பேரின் வைரஸ் வெகுதூரம் விலகியிருந்தால் இவர் அவருக்குக் கொடுக்கவில்லை எனலாம். நெருக்கமாக இருந்தாலோ, நடுவில் மூன்றாவது ஆள் இருந்திருக்கலாம். கலப்பு வைரஸ் என்றால் தலைவலி இரட்டிப்பு: ஒரு பாதியை வைத்து வரைந்த வம்சமரமும் மறுபாதியை வைத்து வரைந்ததும் ஒத்துப்போகாது.

‘இல்லை’ என்பதற்கே எவ்வளவு மதிப்பு என்பதை லிபியாவில் பார்த்தோம். பெங்காசி மருத்துவமனையில் 400க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. வேண்டுமென்றே ஏற்றினார்கள் என்று ஐந்து பல்கேரியச் செவிலியர்கள்மீதும் ஒரு பாலஸ்தீன மருத்துவர்மீதும் குற்றம் சாட்டி மரணதண்டனை விதித்தார்கள். அவர்கள் அங்கே வேலைக்கு வந்தது 1998 மார்ச்சில். குழந்தைகளின் வைரஸ் 02_ஏஜி கலப்பு, மேற்கு ஆப்பிரிக்காவில் சாதாரணமாகக் காண்பது. அதில் சேர்ந்திருந்த பிழைகளைக் கடிகாரமாக வைத்துக் கணக்கிட்டதில், அந்த வைரஸ் கிளை 1998 மார்ச்சுக்கு முன்பே அங்கே பரவத் தொடங்கிவிட்டது என்று தெரிந்தது. ஆய்வு 2006 டிசம்பரில் வெளிவந்தது. அதே மாதம் நீதிமன்றம் மரணதண்டனையை மறுபடி விதித்தது. 2007 ஜூலையில் ஆறு பேரும் விடுதலையானது அரசுகளுக்கிடையிலான பேச்சுவார்த்தையால். கடிகாரத்தை நீதிமன்றம் கேட்கவில்லை.

இந்தக் கலப்பெல்லாம் மனிதருக்கு வந்தபிறகு தொடங்கியதா?

இல்லை, அதற்கு வெகுமுன்பே. எம் குழு தென்கிழக்குக் கேமரூனின் சிம்பன்சிகளிடமிருந்து வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனிதருக்குத் தாவி, இன்று கின்ஷாசா என்று அழைக்கப்படும் நகரத்திலிருந்து பரவியது. அந்த நகரத்தில் 1959இல் எடுத்த ஒரு ரத்த மாதிரியில் வைரஸ் கிடைத்திருக்கிறது. சரி, சிம்பன்சிக்கு எங்கிருந்து வந்தது? சிம்பன்சியின் வைரஸை முழுதாகப் படித்தபோது அதுவே ஒரு கலப்பு என்று தெரிந்தது: ஒரு பகுதி செந்தொப்பி மங்கபே என்ற குரங்கின் வைரஸ், இன்னொரு பகுதி புள்ளிமூக்குக் குரங்கின் வைரஸைச் சேர்ந்த கிளை. சிம்பன்சிகள் சிறு குரங்குகளை வேட்டையாடித் தின்னும். எப்போதோ ஒரு சிம்பன்சிக்கு இரண்டு வேட்டைகளிலிருந்து இரண்டு வைரஸ்கள் வந்து ஒரே செல்லில் சேர்ந்திருக்கின்றன.